இலை பழுக்கும் திசை: நியூ இங்கிலாந்தில் நிறமாற்றத்தைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில், பாஸ்டன் பக்கம் குடிவந்த முதல் வருடம், இலையுதிர்காலத்தில் காடே நிறம் மாறுவதைப் பார்த்தாக வேண்டும் என அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்களே என்று, அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை புளியோதரையைக் கட்டிக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயரின் காங்கமாகஸ் நெடுஞ்சாலைக்குக் கிளம்பினோம். கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்திப் பார்த்தால், மரங்கள் துடைப்பக்குச்சி மாதிரி நின்றன. நிறமெல்லாம் தரையில் கிடந்தது, அதுவும் மழையில் ஊறிப்போய். திரும்பும் வழியில், வீட்டுக்கு ஐந்து மைல் இருக்கும்போது, ஒரு குளத்தின் கரை முழுவதும் குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோல் சிவந்திருந்தது. காலையில் அதே இடத்தை அரைத்தூக்கத்தில் கடந்துதான் போயிருந்தோம்.

நிறம் தெற்கே இறங்கி வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டி வடக்கே போய்விட்டோம்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த வருஷம் பீக் எப்போ?’ என்பது. பீக் என்றால் நிறத்தின் உச்சம். அதற்கு ஒற்றைத் தேதியாகப் பதில் சொல்ல முடியாது. செப்டம்பர் கடைசியில் கனடா எல்லையோரம் தொடங்கும் உச்சம், நவம்பர் முதல் வாரத்தில் கனெக்டிகட், ரோட் ஐலண்ட் கடற்கரையில்தான் முடிகிறது. ஏறக்குறைய ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் எந்த நாளிலும் எங்கோ ஓர் இடம் உச்சத்தில் இருக்கும். இன்று அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு நோட்டு, ஒரு செல்போன், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

எதைப் பின்தொடர்கிறோம்

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாதாங்கொட்டை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் அதன் அகலமான இலைகள் சிவந்து, பிறகு ஒவ்வொன்றாக விழும். இலை பழுத்துவிட்டது என்போம். அதையே ஒரு மலைத்தொடர் முழுக்க, சில வாரங்களுக்குள் நடப்பதாக எண்ணிப் பார்த்தால் இங்கே நடப்பது விளங்கும். காரணம் மட்டும் வேறு. இங்கே குளிர்காலத்துக்கு முன்பாக மரம் கடையைக் கட்டுகிறது.

கோடை முடிந்து பகல் குறையத் தொடங்கியதும் மரத்துக்குத் தகவல் போய்விடும். இலையில் பச்சையம் புதிதாக உண்டாவது குறையும்; இருப்பது சிதையும்; அதிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை விலகியதும், கோடை முழுக்க அதற்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். கரோட்டினாய்டு என்ற நிறமிகளின் வேலை அது. சிவப்பு அப்படி முன்பே இருந்ததல்ல. இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு, வெயிலின் உதவியோடு, அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகத் தயாராகும் ஆந்தோசயனின் அது. இதற்கிடையில் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஓர் அடுக்கு உருவாகி, இலையை மெல்லத் துண்டிக்கிறது.

இந்த வேதியியல் எதற்கு என்று கேட்கலாம். பின்தொடர்வதற்கு இதிலிருந்து இரண்டு முக்கியமான விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, தொடக்கத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் பகல் நேரத்தின் நீளம். அது வருடா வருடம் மாறாது. அதனால் ஓர் இடத்தின் உச்சமும் தாறுமாறாக ஓடாது. வானிலையால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் முன்பின் ஆகும். இரண்டாவது, மஞ்சள் எல்லா வருடமும் வரும், சிவப்பு மட்டும்தான் வானிலையின் தயவில் இருக்கிறது. ஒரே மேப்பிளில் வெயில் படும் வெளிப்புறம் சிவந்தும் நிழலில் இருக்கும் உட்புறம் மஞ்சளாகவும் இருப்பதைப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

ஆறேழு மரங்கள் தெரிந்தால் போதும்

எல்லா மரத்தின் பெயரும் தெரிய வேண்டாம். ஆனால் எந்த மரம் எப்போது மாறும் என்பது தெரியாவிட்டால், ஆகஸ்ட் கடைசியில் சதுப்பில் நிற்கும் ஒரு மரம் சிவந்ததைப் பார்த்து ‘ஐயோ, இந்த வருஷம் சீக்கிரம் வந்துடுச்சு’ என்று விடுதி முன்பதிவை மாற்றத் தோன்றும். அது ரெட் மேப்பிள். ஈர நிலத்தில் நிற்கும் ரெட் மேப்பிள் எப்போதும் முந்திக்கொள்ளும். நெடுஞ்சாலை ஓரத்தில், பனிக்காலத்தில் கொட்டிய உப்பில் நொந்துபோன மரங்களும் அப்படியே. ஒற்றைக் கிளை மட்டும் சிவந்திருந்தால், அந்தக் கிளைக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பருவம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து வருவது சுகர் மேப்பிள். மேப்பிள் சிரப் வடிக்கும் மரம், வெர்மாண்டின் மாநில மரமும் அதுதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் ஒரே மரத்தில் கலந்து வருவது இதில்தான். புகைப்படங்களில் நாம் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இதைத்தான். அதே சமயத்தில் பிர்ச், ஆஸ்பென் இரண்டும் மஞ்சளாகும். ஆஷ் மரம் ஊதா கலந்த மஞ்சள். சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். பீச் மரம் மஞ்சளிலிருந்து செம்பு நிறத்துக்குப் போய், காய்ந்த இலைகளைக் குளிர்காலத்திலும் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாக ஓக். செங்கல் நிறமும் பழுப்பும். அந்தப் பழுப்பு டானினால் வருவது. பாஸ்டனைச் சுற்றியும் அதற்குத் தெற்கேயும் ஓக் அதிகம், வடக்கு மலைகளில் மேப்பிள், பிர்ச், பீச் அதிகம். தெற்கே உச்சம் தள்ளி வருவதற்குக் குளிர் தாமதமாவது மட்டும் காரணமல்ல, காட்டில் நிற்கும் மரங்களே வேறு.

சாலையோரம் சிவப்பாகப் படர்ந்து, ‘என்னைப் பறி’ என்று நிற்கும் ஒரு கொடியும் இருக்கிறது. மூன்று மூன்று இலையாக இருந்தால் தொடாதீர்கள். பாய்சன் ஐவி. கொப்புளம் வாரக்கணக்கில் இருக்கும். குழந்தைகள் இலை பொறுக்கும்போது இதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும்.

ஒரு கோடு, ஐந்து புள்ளிகள்

இதுதான் முறையின் முதுகெலும்பு. நிறம் இரண்டு வழியில் நகர்கிறது. வடக்கிலிருந்து தெற்கே, மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கு. முதலாவதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள், இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்க வேளாண் துறையில் பூச்சியியலாளராக இருந்த ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918ல் ஒரு விதியை வெளியிட்டார். வசந்த காலத்தில் பூப்பது, துளிர்ப்பது போன்றவை வடக்கே ஒரு டிகிரி அட்சரேகைக்கு நான்கு நாள் தாமதமாகும்; 400 அடி உயரத்துக்கும் அதே நான்கு நாள். இலையுதிர் காலத்துக்கு இதைத் தலைகீழாகப் போடலாம்: வடக்கேயும் உயரத்திலும் அத்தனை நாள் முன்னதாக வரும். ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். 400 அடி என்பது வெறும் 120 மீட்டர். அதாவது 120 மீட்டர் ஏறுவதும் 111 கிலோமீட்டர் வடக்கே ஓட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்று!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸ்டன் கடல்மட்டத்தில் இருக்கிறது. காங்கமாகஸ் நெடுஞ்சாலை தொடங்கும் லிங்கன் ஊர் சுமார் 1.7 டிகிரி வடக்கே, 250 மீட்டர் உயரத்தில். வடக்குக்கு ஏழு நாள், உயரத்துக்கு எட்டு நாள், மொத்தம் பதினைந்து. லிங்கனில் அக்டோபர் முதல் வாரக் கடைசியில் உச்சம் என்றால், பாஸ்டனில் அக்டோபர் நான்காம் வாரம். நடப்பும் ஏறக்குறைய அதுதான். ஆனால் 870 மீட்டர் உயரத்திலுள்ள காங்கமாகஸ் கணவாய்க்கு இதே கணக்கைப் போட்டால் விடை நடப்பை விட்டு ரொம்பத் தள்ளிப் போய்விடும். உயரம் கூடக்கூட இந்த விதியை எண்ணாக நம்பாதீர்கள், திசை காட்டுகிற கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரைபடத்தில் வீட்டிலிருந்து உங்களுக்கான ஒரு கோட்டைப் போட்டு, அதில் ஐந்து இடங்களைப் புள்ளியாகக் குறியுங்கள். பாஸ்டன்காரர்களுக்கு 93ஆம் நெடுஞ்சாலை வசதியாக அமைந்துவிட்டது. நேராக வடக்கே, மலைக்குள் போகிறது. என் ஐந்து புள்ளிகள் இவை: எங்கள் தெரு, நியூ ஹாம்ப்ஷயரின் தலைநகரான கான்கார்ட், அதற்கு வடக்கே பிளிமத், பிறகு லிங்கனும் ஃபிராங்கோனியா கணவாயும் சேர்ந்த பகுதி, கடைசியாக வெர்மாண்டில் நெடுஞ்சாலை முடியும் செயின்ட் ஜான்ஸ்பரி. அந்தக் கடைசிப் புள்ளிக்கு அப்பால் நார்த்ஈஸ்ட் கிங்டம் என்று அழைக்கப்படும் வெர்மாண்டின் வடகிழக்கு மூலை இருக்கிறது. சீக்கிரமே நிறம் வருகிற இடங்களில் அது ஒன்று.

நீங்கள் மேற்கு மாசசூசெட்ஸில் இருந்தால் கோடு வேறு. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வடக்கே கனெக்டிகட் ஆற்றை ஒட்டிப் போகலாம்; அல்லது 2ஆம் எண் சாலையில் மோஹாக் டிரெயில் வழியே பெர்க்ஷயர் மலைக்கு ஏறலாம். அங்கே 1,064 மீட்டர் உயரமுள்ள கிரேலாக் மலையின் உச்சிக்கும் அடிவாரத்து ஊர்களுக்கும் இடையே ஒரே நாளில் இரண்டு பருவத்தைப் பார்க்கலாம். கோடு எதுவானாலும் சரி, அது உயரத்தையும் வடக்கையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். கடற்கரையோரமாகவே ஐந்து புள்ளி வைத்தால் எல்லாம் ஒன்றுபோல மாறும், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

வீட்டு மரமும் மூன்று எண்களும்

முதல் புள்ளி உங்கள் வீட்டருகே. தினமும் கண்ணில் படுகிற, முடிந்தால் திறந்த வெளியில் நிற்கிற, ஆரோக்கியமான ஒரு மேப்பிளைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானின் வானிலை ஆய்வு நிறுவனம் செய்வதும் இதுதான். அங்கே மாதிரி மரம் என்று குறித்துவைத்த மேப்பிளையும் ஜின்கோவையும் வருடா வருடம் பார்த்துத்தான் நிறம் மாறிய தேதியை அறிவிக்கிறார்கள். நாட்டுக்கே அது போதும் என்றால் நமக்குப் போதாதா?

செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கி, வாரம் இரண்டு முறை மூன்று எண்களை எழுதுங்கள்: பச்சை, பழுத்தது, உதிர்ந்தது. கோடையில் அந்த மரத்தில் இருந்த இலை மொத்தத்தையும் பத்து என்று வைத்துக்கொண்டால், இப்போது எத்தனை பங்கு பச்சை, எத்தனை பங்கு நிறம் மாறியது, எத்தனை பங்கு விழுந்துவிட்டது? மூன்றும் கூட்டினால் பத்து வர வேண்டும். ‘7, 3, 0’ என்றால் தொடக்கம். ‘1, 8, 1’ என்றால் உச்சம். ‘0, 4, 6’ என்றால் துடைப்பக்குச்சியை நோக்கிப் பயணம்.

உதிர்ந்ததைத் தனியாக எழுதுவதுதான் இதில் சூட்சுமம். ‘நிறம் எத்தனை சதவீதம்’ என்று ஒரே எண்ணாக எழுதினால், மரத்தில் மிச்சமிருக்கும் பத்து இலையும் மஞ்சளாக இருக்கும்போது நூறு சதவீதம் என்று வந்துவிடும். அமெரிக்கத் தேசியப் பருவ நிகழ்வு வலையமைப்பு நடத்தும் ‘நேச்சர்ஸ் நோட்புக்’ என்ற பொதுமக்கள் பதிவுத் திட்டத்திலும் நிறம் மாறுவதையும் இலை உதிர்வதையும் தனித்தனிக் கேள்வியாகத்தான் கேட்கிறார்கள். விருப்பம் இருந்தால் அதில் கணக்குத் தொடங்கி உங்கள் மரத்தைப் பதிவுசெய்யலாம். ஆராய்ச்சிக்குப் பயன்படும், நமக்கும் ஒழுங்காகப் பார்க்கும் பழக்கம் வரும்.

எழுதும்போதே ஒரு படம். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி. செல்போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் காட்டும். ஃபில்டர் வேண்டாம், மாலை வெயிலிலும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு எடுத்தால் பச்சை மரம்கூடப் பொன்னாகத் தெரியும். என் முதல் வருடப் படங்களில் பாதி இந்த ஏமாற்று வேலைதான்.

வானிலையில் எதைக் கவனிப்பது

பகலில் நல்ல வெயில், இரவில் குளிர், ஆனால் உறைபனி இல்லை: சிவப்புக்கு இதைவிட நல்ல சேர்க்கை கிடையாது. பகலில் சர்க்கரை நிறையத் தயாராகும். குளிர்ந்த இரவில் அது இலையை விட்டு வெளியே போவது மெதுவாகும். தேங்கிய சர்க்கரை சிவப்பாகும். எனவே செப்டம்பர் நடுவிலிருந்து இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை இலக்க செல்சியஸுக்கு, இங்குள்ளவர்கள் பேசும் ஃபாரன்ஹீட்டில் 40 சொச்சத்துக்கு, தொடர்ந்து நாலைந்து இரவு இறங்கினால் அடுத்த வாரம் மரங்களில் பாய்ச்சல் தெரியும்.

மேகமும் வெதுவெதுப்பும் நீடித்தால் நிறம் மங்கும், தள்ளியும் போகும். கடும் கோடை வறட்சி என்றால் இலை நிறம் மாறாமலே ஓரம் கருகி விழும். வசந்தத்தில் விடாத மழை என்றால் மேப்பிள் இலைகளில் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் வரும். இவை எல்லாவற்றையும்விட உடனடி எதிரி காற்றோடு வரும் மழை. ‘1, 8, 1’ என்று நிற்கும் மலைச்சரிவை ஒரே இரவில் ‘0, 3, 7’ ஆக்கிவிடும். பச்சை இலை அவ்வளவு எளிதில் விழாது. பழுத்த இலைதான் விழும். அதனால் புயல் முன்னறிவிப்பு வந்தால், உச்சத்திலுள்ள இடத்தைப் புயலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இன்னும் பாதி பச்சையாக இருக்கும் இடத்தைப் பிறகு பார்க்கலாம்.

போகாமலே பார்ப்பது

ஐந்து புள்ளிக்கும் வாராவாரம் நேரில் போக முடியாது. இங்கே மூன்று உதவிகள் உண்டு.

முதலாவது மாநில அறிக்கைகள். மெய்ன் மாநிலத்தில் வனத்துறையின் ரேஞ்சர்கள் சொல்வதை வைத்து, மாநிலத்தை ஏழு மண்டலமாகப் பிரித்து, வாரம் ஒரு முறை வெளியிடுகிறார்கள். காட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதால் நம்பலாம். மற்றபடி சுற்றுலா நோக்கில் வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள். விடுதிகள் காலியாகக் கிடக்கும்போது ‘உச்சம் முடிந்துவிட்டது’ என்று எழுத யாருக்கும் மனம் வராது. பருவம் தொடங்கும் முன்பே இணையத்தில் சுற்றும், தேதியை நகர்த்தினால் மாவட்டம் மாவட்டமாக நிறம் மாறும் வரைபடங்கள் அழகானவை. பழைய வருடங்களின் போக்கையும் வானிலைக் கணிப்பையும் வைத்துப் போடும் உத்தேசம் அது. ஒரே மாவட்டத்துக்குள் உச்சிக்கும் பள்ளத்தாக்குக்கும் பத்து நாள் வித்தியாசம் இருக்கும்போது, ஒற்றை நிறம் பூசிய மாவட்டம் எதைச் சொல்லும்?

இரண்டாவது வெப்கேமரா. எனக்கு இதுதான் முதல் நம்பிக்கை. காடுகளின் பருவ மாற்றத்தைப் பார்ப்பதற்கென்றே ஃபீனோகேம் என்ற கேமரா வலையமைப்பு இருக்கிறது. அரை மணிக்கொரு படம், பொதுமக்களுக்கு இலவசம். மாசசூசெட்ஸின் பீட்டர்ஷாமில் உள்ள ஹார்வர்டு காட்டிலும், நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் பார்ட்லெட் ஆய்வுக் காட்டிலும் அதன் கேமராக்கள் உண்டு. போன வருடம் இதே தேதியில் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வாஷிங்டன் மலை வானிலை ஆய்வகத்தின் கேமராக்கள் வடக்கு வெள்ளை மலைகளைக் காட்டும். பனிச்சறுக்கு மைதானங்களின் கேமராக்களை மறக்காதீர்கள்: பனி இல்லாத செப்டம்பரிலும் பல ஓடிக்கொண்டிருக்கும், உச்சி, அடிவாரம் இரண்டும் தெரியும். ஐந்து புள்ளிக்கும் அருகில் ஒவ்வொரு கேமராவைத் தேடிப் பிடித்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். ஞாயிறு, புதன் காலையில் ஒரு பார்வை, மூன்று எண்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-2 எடுக்கும் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். சுமார் ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வரும். கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்தில் ஊர்ப் பெயரைத் தேடி, மேகம் குறைந்த தேதியைத் தேர்ந்தெடுத்து, இயல்பு நிறப் படத்தைப் பார்த்தாலே மலைச்சரிவில் ஆரஞ்சு எந்த உயரம்வரை இறங்கியிருக்கிறது என்று தெரியும். நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் தினசரிப் படம் உண்டு, ஆனால் அவ்வளவு துல்லியம் இல்லை. நியூ இங்கிலாந்து முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க அதுவே வசதி. எச்சரிக்கை ஒன்று: உயரமான சரிவுகளில் ஊசியிலை மரங்கள் பச்சையாகவே நிற்கும். அதைப் பார்த்து ‘மேலே இன்னும் மாறவில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள். ஜனவரிப் படத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டால் எது எப்போதும் பச்சை என்று தெரிந்துபோகும். அப்புறம் அக்டோபரில் மேகம் சுலபத்தில் விலகாது. இரண்டு வாரம் ஒரு நல்ல படமும் கிடைக்காமல் போனால் செயற்கைக்கோளை விட்டுவிட்டு கேமராவுக்குத் திரும்புங்கள்.

வெள்ளி இரவு முடிவு

ஐந்து வரிசை, வாரத்துக்கு ஒரு பத்தி என்று ஒரு கூகுள் ஷீட்டில் பழுத்தது என்ற எண்ணை மட்டும் போட்டுவந்தால், அக்டோபர் முதல் வாரத்தில் படம் தெளிவாகிவிடும். ஒரு வாரத்தில் எட்டைத் தொட்ட புள்ளி செயின்ட் ஜான்ஸ்பரி என்றால், அடுத்தது ஃபிராங்கோனியா பள்ளத்தாக்கு, அதற்கடுத்தது பிளிமத். போக வேண்டிய இடம் எட்டைத் தொட்ட புள்ளியும் ஆறில் இருக்கும் அடுத்த புள்ளியும் சேர்ந்த துண்டு. வடபுறத்தில் தவறினாலும் தென்புறத்தில் கிடைக்கும்.

தாமதமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் வடக்கே போகாதீர்கள், இறங்குங்கள். அதே பகுதியில் ஆற்றங்கரைச் சாலை, ஏரிக்கரை, தாழ்வான ஊர் என்று தேடுங்கள். சீக்கிரமோ என்று சந்தேகம் வந்தால் ஏறுங்கள்.

எந்த வாரம் என்பதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிய சனி, ஞாயிறில் ஃபிராங்கோனியா பக்கம் போகவே மாட்டேன். கனடாவின் நன்றி நவிலும் நாளும் அதே திங்கள்தான் என்பதால் கியூபெக்கிலிருந்தும் கூட்டம் இறங்கும். நெடுஞ்சாலையோ கணவாய்க்குள் திசைக்கு ஒரு தடமாகச் சுருங்குகிறது. திருப்பதி தர்ம தரிசன வரிசை மாதிரி நிற்க வேண்டியதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துப் போய்ப் பாருங்கள், அதே இடம் வேறு இடமாகத் தெரியும்.

சாலையில்

காங்கமாகஸ் நெடுஞ்சாலை லிங்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஓட்டல் கிடையாது, பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்குள் அங்கே இருந்தால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மெய்னில் அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள், கேடிலாக் மலை உச்சிக்கு வண்டியில் ஏறப் பருவ மாதங்களில் முன்பதிவு வேண்டும் என்பதை மறந்து அடிவாரத்தில் திகைக்காதீர்கள்.

இலை பின்னொளியில்தான் அழகு. சூரியனுக்கு எதிராக நின்று இலையின் ஊடாகப் பார்க்க வேண்டும். மப்பான நாளையும் ஒதுக்க வேண்டாம். மழை நின்ற அரை மணியில், ஈரத்தில் கறுத்த அடிமரங்களுக்கு நடுவே மஞ்சள் தனியாக எழும்பும்.

படம் எடுக்கும் ஆசையில் மற்றவர் நிலத்தில் கால் வைக்காதீர்கள். வெர்மாண்டின் பாம்ஃபிரெட் என்ற சிற்றூரில் ஒரு தனியார் பண்ணை வீடு சமூக வலைத்தளங்களில் பிரபலமாகி, வண்டிகள் வரிசைகட்டி, ஆட்கள் தோட்டத்துக்குள்ளேயே இறங்கி, கடைசியில் 2023ல் நிறக்காலம் முழுக்க அந்தச் சாலையை வெளியூர்க்காரர்களுக்கு மூடும் நிலைமை வந்தது. அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான் நான்.

காட்டுப் பாதையில் நடந்தால், திரும்பியதும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிகள் அக்டோபரிலும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். இது வேட்டைக் காலமும்கூட, அதனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள். வடக்கே இருட்டும் நேரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். மூஸ் மான் சாலையைக் கடக்கும், அதன் கருத்த உடம்பு முகப்பு விளக்கில் கடைசி நொடிவரை தெரியாது.

எல்லோரும் கிளம்பிய பிறகு

அக்டோபர் இருபதைத் தாண்டியதும் கூட்டம் வடிந்துவிடும். பின்தொடர்கிறவர்களுக்கு இதற்குப் பிறகுதான் நிம்மதியான பகுதி. பாஸ்டனுக்குள்ளேயே ஆர்னால்டு மரப்பூங்காவில் உலகின் பல பகுதி மரங்கள் ஒரே இடத்தில் நிற்பதால், உச்சம் ஒரு நாளில் முடியாமல் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். தீபாவளி ஒட்டி வருகிற வாரங்களில் ஓக்குகள் செங்கல் நிறத்துக்கு மாறுகின்றன. தென்கிழக்கு மாசசூசெட்ஸில் கிரான்பெரி வயல்களில் தண்ணீர் கட்டி அறுவடை நடக்கும். இலை இல்லைதான், ஆனால் ஒரு குளம் முழுக்கச் சிவப்புப் பழம் மிதப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

கடைசியாக டாமராக். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையை உதிர்க்கிற ஊசியிலை மரம். வடக்கே சதுப்பு நிலங்களில், மேப்பிள் எல்லாம் மொட்டையான பிறகு, அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும் தங்கநிறமாகி நிற்கும். முதல் தடவை பார்த்தபோது பட்டுப்போன மரம் என்று நினைத்து நிறுத்தாமல் வந்துவிட்டேன். இப்போது என் நோட்டில் ஐந்து புள்ளிக்கு அடியில் ஆறாவதாக ஒரு வரி இருக்கிறது: செயின்ட் ஜான்ஸ்பரிக்கு அப்பால் ஒரு சதுப்பு, டாமராக், ஊசி உதிர்ந்த தேதி. அதை எழுதியதும், ஐந்து புள்ளிகளின் உச்சத் தேதிகளை அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் படியெடுத்துவிட்டு, காரில் பனி சுரண்டும் கட்டையைத் தேடத் தொடங்கலாம்.